எந்த மரபணுவை நீக்குவது? பாக்டீரியாவைப் பொருள் தர வைக்கும் கணக்கு

காற்று புகாத கலனில் ஈ. கோலை பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸ் கொடுத்தால், அது ஃபார்மேட், அசிட்டேட், எத்தனால் என்று ஒரு கலவையை வெளியே தள்ளும். நமக்கு வேண்டியது லாக்டேட் என்றால், அது ஓரமாகக் கொஞ்சம்தான் கிடைக்கும். லாக்டேட் செய்யும் நொதி அந்தச் செல்லிடம் இல்லாமல் இல்லை. செய்வதால் அதற்கு லாபமில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, லாக்டேட் செய்யும் நொதியை இன்னும் அதிகமாக்கலாமே என்பது. சில சமயம் அது பலிக்கும். ஆனால் வேண்டாத பொருளைச் சுமந்துகொண்டு வளரும் செல், சுமக்காத செல்லிடம் தோற்றுவிடும். கணக்கு போட்டுப் பாருங்கள்: உற்பத்தியைக் கைவிட்ட ஒரு திரிபு 10 சதவீதம் வேகமாக வளர்கிறது என்று வையுங்கள். மற்ற செல்கள் 100 முறை இரட்டிப்பதற்குள் அது 110 முறை இரட்டித்திருக்கும். 2-இன் 10-ஆம் அடுக்கு, அதாவது 1,024 மடங்கு முன்னேறியிருக்கும். கலனில் இருப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

மரபணு நீக்கம் இதற்கு நேரெதிரான வழி. போட்டிப் பாதைகளை அடைப்பது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பொருளைச் செய்யாமல் வளரவே முடியாத நிலைக்குச் செல்லைக் கொண்டு வருவதுதான் உண்மையான நோக்கம். அந்த நிலையை வளர்ச்சிப் பிணைப்பு என்கிறோம். பிணைப்பு அமைந்துவிட்டால் வேகமாக வளரும் செல்தான் அதிகப் பொருளும் தரும். மேலே சொன்ன 1,024 மடங்குக் கணக்கு அப்போது நமக்குச் சாதகமாகிவிடும். எந்தெந்த மரபணுக்களை நீக்கினால் இந்தப் பிணைப்பு உண்டாகும் என்று கண்டுபிடிப்பதுதான் கணினியின் வேலை.

தாளிலேயே ஒரு கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்தால் 2 பைருவேட், நிகரமாக 2 ஏடிபி, 2 என்ஏடிஎச் கிடைக்கும். ஏடிபி செல்லின் செலவுப் பணம். எவ்வளவு இருந்தாலும் செலவாகும். என்ஏடிஎச் அப்படியல்ல. அது எலக்ட்ரான்களைச் சுமந்து நிற்கும் மூலக்கூறு. ஆக்சிஜன் இல்லாதபோது அந்தச் சுமையை எங்காவது இறக்கிவைத்து அதை என்ஏடி ஆக மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் குளுக்கோஸ் உடைவதே நின்றுபோகும்.

இனி பைருவேட் போகும் வழிகள். லாக்டேட் ஆனால் 1 என்ஏடிஎச் தீரும், ஏடிபி கிடைக்காது. ஃபார்மேட் ஒன்றைக் கழற்றிவிட்டு அசிட்டைல் கோ-ஏ ஆனால் அங்கிருந்து இரண்டு கிளை: அசிட்டேட் ஆனால் 1 ஏடிபி கூடுதல், என்ஏடிஎச் தீராது, எத்தனால் ஆனால் 2 என்ஏடிஎச் தீரும், ஏடிபி கிடைக்காது.

இரண்டு பைருவேட்டையும் அசிட்டேட்டாக்கினால் 4 ஏடிபி வரும். ஆனால் 2 என்ஏடிஎச் தேங்கிவிடும், ஆகவே முடியாது. இரண்டையும் எத்தனாலாக்க 4 என்ஏடிஎச் வேண்டும், கையில் இருப்பது 2, அதுவும் முடியாது. ஒன்று அசிட்டேட், ஒன்று எத்தனால் என்றால் என்ஏடிஎச் சரியாகத் தீர்கிறது, ஏடிபி 3. இரண்டும் லாக்டேட் என்றாலும் என்ஏடிஎச் தீர்கிறது, ஆனால் ஏடிபி 2 மட்டும். மூன்றா இரண்டா என்றால் செல் மூன்றைத்தான் எடுக்கும். லாக்டேட் ஏன் ஓரமாகப் போனது என்பதற்கு இதுதான் விடை.

இப்போது எத்தனால் செய்யும் ஏடிஎச்ஈ மரபணுவை நீக்குவோம். எத்தனால் போனால் என்ஏடிஎச் இறக்க லாக்டேட்தானே மிச்சம் என்று தோன்றும். செல்லுக்கு இன்னொரு சந்து இருக்கிறது: சக்சினேட். பைருவேட் ஆவதற்கு முந்தைய பொருள் சக்சினேட்டாகும்போது 2 என்ஏடிஎச் தீரும். எத்தனால் இருந்த இடத்தில் சக்சினேட்டை வைத்து, பக்கத்தில் அசிட்டேட் ஒன்றைச் செய்தால் கணக்கு நேராகிவிடும். போதாததற்கு, ஃபியூமரேட் என்ற இடைப்பொருள் சக்சினேட்டாக ஒடுக்கப்படும் வழியில் சவ்வுக்கு வெளியே புரோட்டான் தள்ளப்படுவதால் லாக்டேட்டை விடச் சற்றே கூடுதல் ஏடிபியும் கிடைக்கும். ஏடிஎச்ஈ மட்டும் போதாது.

சரி, அசிட்டேட் பாதையின் பிடிஏ மரபணுவை மட்டும் நீக்கினால்? மேலே சொன்ன வழிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அசிட்டேட் இல்லாமல் எத்தனாலும் சமன்படாது, சக்சினேட்டும் சமன்படாது, லாக்டேட்தான் மிஞ்சும். ஆனால் பைருவேட்டை அசிட்டைல் கோ-ஏ ஆக்க பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற இன்னொரு நொதித் தொகுதியும் உண்டு. அது ஃபார்மேட்டுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடும் 1 என்ஏடிஎச்சும் தரும். அந்தக் கூடுதல் என்ஏடிஎச்சைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு பைருவேட்டும் எத்தனாலாகலாம், ஏடிபி 2. லாக்டேட் வழியிலும் 2. இரண்டும் சமம் என்பதால் செல் எதை எடுக்கும் என்று கணக்கால் சொல்ல முடியாது.

பிடிஏ, ஏடிஎச்ஈ இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் அசிட்டைல் கோ-ஏ வெளியேறும் இரண்டு வாசலும் அடைபடும். செல் வளர வேண்டுமானால் லாக்டேட் வந்தே தீர வேண்டும். 2005-இல் வெளியான ஒரு சோதனையில் இதே இணை நீக்கமும், அதோடு வேறு மரபணுக்களைச் சேர்த்த வடிவங்களும் கணினி முன்கூட்டிச் சொன்னபடி உருவாக்கப்பட்டு, பல தலைமுறை வளர்க்கப்பட்டன. லிட்டருக்கு 2 கிராம் குளுக்கோஸிலிருந்து 0.87 முதல் 1.75 கிராம் வரை லாக்டேட் கிடைத்தது. ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் ஒரு கிராம் லாக்டேட்தான் வர முடியும் என்பதை வைத்துப் பார்த்தால், மேல் எண் உச்சத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

நான்கைந்து வழிகளுக்கே இவ்வளவு சந்துகள். முழுச் செல்லில் ஆயிரக்கணக்கான வினைகள்.

முழுச் செல்லின் கணக்கு

ஈ. கோலை கே-12 வகைக்கு 2017-இல் வெளியான ஐஎம்எல்1515 என்ற மாடலில் 1,515 மரபணுக்கள், 2,712 வினைகள், 1,877 வளர்சிதைப் பொருள்கள் உள்ளன. ஒவ்வொரு வினைக்கும் எந்தப் பொருள் எத்தனை உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது என்று ஒரு பெரிய அட்டவணை. அந்த அட்டவணையின் மேல் செய்யும் கணக்குக்குப் பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு என்று பெயர். அதன் விதிகள் மூன்றே. செல்லுக்குள் எந்தப் பொருளும் தேங்கக்கூடாது: உருவாகும் வேகமும் தீரும் வேகமும் சமம். ஒவ்வொரு வினையின் வேகத்துக்கும் மேல் வரம்பு, கீழ் வரம்பு உண்டு. இவற்றுக்குள் நின்று ஏதாவது ஒன்றை உச்சமாக்க வேண்டும். வழக்கமாக அது வளர்ச்சி.

வளர்ச்சியும் மாடலில் ஒரு வினைதான். ஒரு கிராம் உலர் செல் உண்டாக எவ்வளவு அமினோ அமிலம், கொழுப்பு, நியூக்ளியோடைடு, ஏடிபி தேவை என்று எழுதிவைத்த ஒரு சமையல் குறிப்பு என்று கொள்ளலாம். பாய்வின் அலகு, ஒரு கிராம் உலர் எடைக்கு ஒரு மணிக்கு இத்தனை மில்லிமோல்.

கற்றுக்கொள்ள ஐஎம்எல்1515-ஐ எடுக்க வேண்டாம். 95 வினைகளும் 72 பொருள்களும் 137 மரபணுக்களும் கொண்ட ஈ. கோலை மைய மாடல் போதும். பிக் (BiGG) தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பைத்தானில் கோப்ராபை, மேட்லாபில் கோப்ரா டூல்பாக்ஸ், எதுவானாலும் சரி. திறந்ததும் எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். குளுக்கோஸ் 10, ஆக்சிஜன் தடையில்லை என்ற இயல்பு நிலையில் வளர்ச்சி வேகம் மணிக்கு 0.874 வர வேண்டும். சுமார் 48 நிமிடத்துக்கு ஒரு இரட்டிப்பு. பிறகு ஆக்சிஜன் உள்வரவைச் சுழியமாக்குங்கள். வேகம் 0.212-க்கு இறங்கும், ஃபார்மேட் 17.8, அசிட்டேட் 8.5, எத்தனால் 8.28 வெளிவரும், லாக்டேட் சுழியம்.

தாளில் போட்ட கணக்கை 10 மடங்காக்கினால் ஃபார்மேட் 20, அசிட்டேட் 10, எத்தனால் 10. மாடலின் எண்கள் கொஞ்சம் குறைவு. குறைந்த கார்பன் செல்லின் உடம்பாகப் போயிருக்கிறது. இந்த எண்கள் வராவிட்டால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் தவறு இரண்டில் ஒன்று: வெளியிலிருந்து உள்ளே வரும் பாய்வுக்கு மாடலில் எதிர்மறைக் குறி என்பதை மறந்து வரம்பை நேர்மறையாகக் கொடுத்திருப்பீர்கள்; அல்லது ஆக்சிஜனை மூடியதாக நினைத்துக்கொண்டு அதன் மேல் வரம்பை மட்டும் மாற்றியிருப்பீர்கள்.

ஒரு வினையை நீக்குவது இந்த மாடலில் மிக எளிது. அதன் இரண்டு வரம்புகளையும் சுழியமாக்கி மீண்டும் ஓட்ட வேண்டும். கடினம், எதை நீக்குவது என்பதில்.

தேடலின் பளு

1,515 மரபணுக்களில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 57.8 கோடி வழிகள். ஒவ்வொன்றையும் சோதிக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும் என்றாலும் 67 நாள் ஆகும். ஐந்தைத் தேர்ந்தெடுப்பதென்றால் சுமார் 66 லட்சம் கோடி வழிகள். அதே வேகத்தில் சுமார் 21,000 ஆண்டுகள். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கும் வழி மூன்றோடு முடிந்துவிடுகிறது.

2003-இல் பர்கார்ட், ஃபார்க்யா, மரானஸ் ஆகியோர் வெளியிட்ட ஆப்ட்நாக் இதை வேறு விதமாக அணுகியது. இரண்டு பேர் ஆடும் ஆட்டமாக அதை நினைத்துக்கொள்ளலாம். வெளியே இருக்கும் பொறியாளர் எந்த வினைகளை மூடுவது என்று தீர்மானிக்கிறார். அவருக்கு வேண்டியது பொருள். உள்ளே இருக்கும் செல், மூடிய பிறகு மிச்சமிருக்கும் வழிகளில் தன் வளர்ச்சியை உச்சமாக்குகிறது. பொறியாளரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இந்த இரண்டு உச்சங்களையும் நேரடியாகத் தீர்க்க முடியாது. ஆனால் நேர்கோட்டுக் கணக்குக்கு ஒரு இரட்டைக் கணக்கு உண்டு. உச்சப் புள்ளியில் இரண்டின் மதிப்பும் ஒன்றே. அந்தச் சமன்பாட்டை ஒரு கட்டுப்பாடாக எழுதிவிட்டால், உள்ளே இருப்பவரின் உச்சத்தேடல் சாதாரண சமன்பாடுகளாகி வெளிக் கணக்கோடு சேர்ந்துவிடும். ஒவ்வொரு வினைக்கும் 0 அல்லது 1 என்ற ஒரு மாறி. 0 என்றால் மூடியது. மொத்தம் எத்தனை மூடலாம் என்பதற்கு ஒரு வரம்பு. இதை முழுஎண் கலந்த நேர்கோட்டுக் கணக்காக குரோபி, சிபிளெக்ஸ், ஜிஎல்பிகே போன்ற தீர்விகளிடம் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்கள்) கொடுக்கலாம். மைய மாடலுக்கு ஜிஎல்பிகே போதும். முழு மாடலில் அது திணறும்.

ஆப்ட்நாக்கில் ஒரு பலவீனம் உண்டு. பிடிஏ மட்டும் நீக்கியபோது லாக்டேட்டும் எத்தனாலும் சமமாக நின்றதே, அதை நினைவில் கொள்ளுங்கள். இப்படிச் சமம் வரும்போது ஆப்ட்நாக் நமக்குச் சாதகமான பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பொருள் 20 வரும் என்று திரையில் காட்டும். அதே வளர்ச்சி வேகத்தில் பொருள் 0 ஆகவும் இருக்கலாம் என்பதைச் சொல்லாது. ஆகவே எந்த விடை வந்தாலும் உடனே ஒரு சோதனை: வளர்ச்சியை அதன் உச்சத்தில் பூட்டிவிட்டு, பொருளின் பாய்வை ஒரு முறை குறைந்தபட்சமாக்கிப் பாருங்கள், ஒரு முறை அதிகபட்சமாக்கிப் பாருங்கள். குறைந்தபட்சம் சுழியம் என்றால் அந்த விடையைத் தூக்கிப் போடலாம். 2010-இல் வந்த ரோபஸ்ட்நாக் இந்தக் குறைந்தபட்சத்தையே உச்சமாக்குமாறு கணக்கை மாற்றியது. ஆப்ட்நாக்கையே வைத்துக்கொண்டு சமாளிக்கவும் ஒரு எளிய உபாயம் உண்டு: செல்லின் குறிக்கோளில் வளர்ச்சியிலிருந்து பொருளின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். சமம் வந்தால் செல் நமக்கு எதிரான பக்கம் சாயும்.

வேறொரு திசையிலிருந்து வருவது வெட்டுத்தொகுதி முறை. கிளாம்ட், கில்லெஸ் இருவரும் 2004-இல் முன்வைத்தது. இதில் செல் எதை உச்சமாக்கும் என்ற ஊகமே தேவையில்லை. குறைந்த விளைச்சலோடு வாழும் எல்லா நிலைகளையும் வேண்டாதவை என்று எழுதிக்கொடுக்கிறோம். நல்ல விளைச்சலோடு வளரும் நிலைகளில் ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்றும் சொல்கிறோம். முதல் வகையை முழுதாகச் சாகடித்து இரண்டாவதைக் காப்பாற்றும் மிகச் சிறிய வெட்டுகளை முறை பட்டியலிடும். முழு மாடலில் இதைச் செய்யும் வழி 2014-இல் வந்தது. இதில் கிடைக்கும் பிணைப்பு கடுமையானது. செல் மெதுவாக வளர்ந்தாலும் பொருள் தந்தாக வேண்டும். விலை, வெட்டுகளின் எண்ணிக்கை கூடும். கையில் ஆய்வகமும் பொறுமையும் இருந்தால் இதைத்தான் பரிந்துரைப்போம். மூன்று நீக்கத்துக்கு மேல் செய்ய வசதியில்லை என்றால் ஆப்ட்நாக்கும் மேலே சொன்ன சோதனையும் போதும்.

மோமா என்ற பெயரும் கண்ணில் படும். 2002-இல் செக்ரே, விட்குப், சர்ச் முன்வைத்த இது ஒரு தேடல் முறை அல்ல, ஒரு முன்கணிப்பு முறை. இன்றைக்கு மரபணுவை இழந்த செல் நாளைக்கே புதிய உச்சத்தைக் கண்டுபிடித்துவிடாது. பழைய பாய்வுகளுக்கு எவ்வளவு பக்கமாக இருக்க முடியுமோ அவ்வளவு பக்கமாகத்தான் தடுமாறி நிற்கும் என்பது இதன் அடிப்படை. நீக்கிய மறுவாரம் குடுவையில் என்ன நடக்கும் என்று கேட்டால் மோமா. பல நூறு தலைமுறை கழித்து என்ன நடக்கும் என்று கேட்டால் வளர்ச்சி உச்சம். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால், அந்த வடிவத்துக்கு நீண்ட தகவமைப்பு வளர்ப்பு தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

வினையை மூடுவது வேறு, மரபணுவை நீக்குவது வேறு

தொடக்கத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. மாடலில் ஒவ்வொரு வினைக்கும் எந்த மரபணுக்கள் தேவை என்று ஒரு தருக்க விதி எழுதியிருக்கும். நொதி பல துண்டுகள் சேர்ந்தது என்றால் 'மற்றும்'. ஒரே வேலையைச் செய்ய வெவ்வேறு நொதிகள் இருந்தால் 'அல்லது'. சக்சினேட் டிஹைட்ரஜனேஸுக்கு நான்கு மரபணுக்களும் வேண்டும். ஒன்றை எடுத்தாலே வினை நிற்கும். பாஸ்ஃபோஃப்ரக்டோகைனேஸுக்கு பிஎஃப்கேஏ அல்லது பிஎஃப்கேபி. ஒன்றை எடுத்தால் மாடலில் எதுவும் மாறாது. உண்மையான செல்லில் அந்தச் செயல்பாட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் பிஎஃப்கேஏ தருவது. அதை எடுத்தால் நன்றாகவே மாறும்.

மைய மாடலில் ஏடிஎச்ஈ மரபணுவை நீக்கிப் பாருங்கள். எத்தனால் அப்படியே 8.28 வரும். ஏனென்றால் அசிட்டால்டிஹைடு வினைக்கு இன்னொரு மரபணுவும், எத்தனால் வினைக்கு இன்னும் இரண்டு மரபணுக்களும் 'அல்லது' என்று எழுதப்பட்டிருக்கின்றன. காகிதத்தில் அவை மாற்று. ஆனால் காற்றில்லாத குளுக்கோஸ் வளர்ப்பில் அவை கைகொடுப்பதில்லை, ஏடிஎச்ஈ போனால் எத்தனால் நொதித்தல் நின்றுவிடும். பிடிஏவுக்கும் மாடலில் இப்படி ஒரு மாற்று எழுதியிருக்கிறது. ஆகவே முதல் தேடலை வினை மட்டத்தில் செய்யுங்கள். கிடைத்த வினைகளுக்கு எந்த மரபணு அந்தச் சூழலில் உண்மையில் வேலை செய்கிறது என்று ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாற்று நொதி சந்தேகத்துக்கு இடமானது என்றால் அதையும் நீக்கும் பட்டியலில் சேர்க்கலாம்.

எதிர்த் திசையிலும் பார்க்க வேண்டும். ஒரே மரபணு பல வினைகளுக்குப் பொறுப்பாக இருக்கலாம். தேவையில்லாத ஒரு வினையை அடைக்கப் போய் தேவையான இன்னொன்றும் சேர்ந்து அடைபடும்.

ஓட்டும் வரிசை

நீங்கள் செய்ய விரும்பும் பொருள் மாடலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேற்று உயிரியின் நொதி தேவை என்றால் வினைகளையும் வெளியேறும் வாசலையும் நீங்களே சேர்க்க வேண்டும். சேர்த்த ஒவ்வொரு வினையிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், மின்னூட்டம் எல்லாம் இரு பக்கமும் சமமா என்று சரிபாருங்கள். ஒரு புரோட்டான் விட்டுப்போனாலே மாடல் வெறுங்கையிலிருந்து ஏடிபி செய்ய ஆரம்பித்துவிடும். குளுக்கோஸை மூடிவிட்டு ஏடிபி செலவை உச்சமாக்கிப் பார்த்தால் இது வெளிப்படும். சுழியத்துக்கு மேல் எது வந்தாலும் எங்கோ ஓட்டை.

அடுத்து வளர்ச்சியை மறந்துவிட்டு பொருளை மட்டும் உச்சமாக்குங்கள். அதுதான் கூரை. காற்றில்லாமல் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொண்டு ஈ. கோலை தரக்கூடிய சக்சினேட்டின் கூரை, ஒரு மோல் குளுக்கோஸுக்கு 1.71 மோல். கூரையே தாழ்வாக இருந்தால் எந்த நீக்கமும் உதவாது.

பிறகு வேட்பாளர்களைக் குறையுங்கள். இதில்தான் கணினி நேரம் மிச்சமாகிறது. அந்தச் சூழலில் பாய்வே நடக்காத வினைகள், நீக்கினால் செல் சாகும் வினைகள், நொதியில்லாமல் தானாக நடப்பவை, பரிமாற்ற வாசல்கள், பராமரிப்பு ஏடிபி செலவு (வளராதபோதும் உயிரோடிருக்கச் செல் செலவழிப்பது), எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். பராமரிப்புச் செலவு மைய மாடலில் 8.39, அதை நீக்க அனுமதித்தால் தீர்வி மகிழ்ச்சியோடு அதைத்தான் முதலில் நீக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும் வினைகளில் எதை மூடினாலும் ஒரே விளைவு என்பதால் அவற்றை ஒன்றாகக் கட்டிவிடலாம். செல் சாகும் மரபணுக்களுக்கு மாடலை மட்டும் நம்பாதீர்கள்: 2006-இல் வெளியான கெய்யோ தொகுப்பில் ஈ. கோலையின் 3,985 மரபணுக்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன, 303 நீக்க முடியாமல் போயின. அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

தேடும்போது குறைந்தபட்ச வளர்ச்சி வேகம் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். விடுவித்தால் விளைச்சல் உச்சத்தில் இருக்கும், ஆனால் நாள் கணக்கில் இரட்டிக்கும் வடிவங்கள் வரும். மணிக்கு 0.1 என்பது தொடங்க நல்ல எண். நீக்க எண்ணிக்கையை 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். நேரே 5-இல் தொடங்கினால் இரண்டே போதும் என்பது தெரியாமல் போய்விடும்.

ஒரு தொழில்நுட்பப் பொறி. பாய்வு வரம்புகள் பொதுவாக 1,000. பல தீர்விகளில் 0, 1 மாறிகளுக்கான இயல்பு சகிப்பு 0.00001. இரண்டையும் பெருக்கினால் 0.01. அதாவது மூடியதாகத் தீர்வி சொல்லும் வினையில் 0.01 அளவு பாய்வு கசிந்துகொண்டிருக்கலாம். நொதிகளுக்குத் துணை நிற்கும் சில துணைக்காரணிகளுக்கு அதைவிடக் குறைந்த பாய்வே போதும். ஆகவே இறந்துபோக வேண்டிய செல் திரையில் உயிரோடு இருக்கும். கிடைத்த நீக்கங்களை எடுத்து, புதிதாகத் திறந்த மாடலில் வரம்புகளைக் கையால் சுழியமாக்கி மறுபடி ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

கடைசியாக உற்பத்தி வரைபடம். கிடைமட்டத்தில் வளர்ச்சி வேகம், செங்குத்தில் பொருள். ஒவ்வொரு வளர்ச்சி வேகத்துக்கும் பொருளின் குறைந்த, அதிக அளவுகளைக் குறித்து இணைத்தால் ஒரு பகுதி கிடைக்கும். நீக்கத்துக்கு முன் அதன் வலது முனை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்: உச்ச வளர்ச்சி, பொருள் சுழியம். நல்ல நீக்கத்துக்குப் பின் வலது முனை தரையை விட்டு மேலே எழும். கீழ்க்கோடு இடது ஓரம் வரை எங்குமே தரையைத் தொடவில்லை என்றால் அது கடுமையான பிணைப்பு. முனை மட்டும் எழுந்திருந்தால் மென்பிணைப்பு. இந்த ஒரு படத்தைப் பார்த்தே பாதி வடிவங்களைக் கழித்துவிடலாம்.

மாடலுக்குத் தெரியாதவை

அட்டவணையில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. நொதியின் அளவு, வேகம், யார் யாரைத் தடுக்கிறார்கள் என்பது எதுவும் இல்லை. இதற்கு நல்ல சான்று 1,4-பியூட்டேன்டையால். ஜீனோமேட்டிகா நிறுவனத்தார் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த உயிரியும் இயற்கையில் செய்வதாகத் தெரியாத இந்தப் பொருளை ஈ. கோலை லிட்டருக்கு 18 கிராம் வரை தந்தது. நீக்க வடிவம் ஆப்ட்நாக்கிலிருந்து வந்தது: எத்தனால், ஃபார்மேட், லாக்டேட் பாதைகளோடு மாலேட் டிஹைட்ரஜனேஸும் போயிற்று. யோசனை நாம் தாளில் போட்டதேதான்; என்ஏடிஎச் இறங்க பியூட்டேன்டையால் ஒன்றே வழி.

ஆனால் ஃபார்மேட் பாதை போனபின் அசிட்டைல் கோ-ஏ கிடைக்க பைருவேட் டிஹைட்ரஜனேஸை நம்ப வேண்டும். ஆக்சிஜன் குறைவாக இருக்கும்போது என்ஏடிஎச் பெருகி அந்த நொதியை அழுத்திவிடும். மாடலுக்கு இது தெரியாது. ஆகவே அதன் ஒரு துண்டை, என்ஏடிஎச்சுக்கு அதிகம் அசையாத கிளெப்சியெல்லா வடிவத்தால் மாற்றினார்கள், அதிலும் ஒரு திரிபைப் புகுத்தினார்கள். ஆக்சிஜன் குறைந்ததும் சிட்ரிக் அமிலச் சுழற்சியின் மரபணுக்களை அடக்கிவைக்கும் ஆர்க்ஏ என்ற ஒழுங்குபடுத்தியையும் நீக்கினார்கள். கணக்கு பாதையைக் காட்டியது. பாதையில் கிடந்த கல்லை உயிர்வேதியியல்தான் அகற்றியது. ஒரு நீக்க வடிவம் கிடைத்ததும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: இந்தப் பாய்வு முழுவதும் இனி எந்த நொதி வழியாகப் போகப்போகிறது, அந்தச் சூழலில் அது விழித்திருக்குமா?

சக்சினேட் கதை இன்னும் கூர்மையானது. லாக்டேட், ஃபார்மேட் பாதைகள் இரண்டையும் இழந்த என்இசட்என்111 என்ற வகை, காற்றில்லாமல் குளுக்கோஸில் வளரவே மறுத்தது. அதிலிருந்து தானாகத் தோன்றிய ஒரு திரிபு வளர்ந்தது, சக்சினேட்டும் தந்தது. தேடிப் பார்த்தால், குளுக்கோஸை உள்ளே இழுக்கும் பிடிஎஸ்ஜி மரபணுவில் மாற்றம். அந்த இழுப்பு முறை ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் ஒரு பாஸ்ஃபோஈனால்பைருவேட்டைச் செலவழித்துப் பைருவேட்டாக்கிவிடும். சக்சினேட்டுக்குத் தேவையான மூலப்பொருளே அந்தப் பாஸ்ஃபோஈனால்பைருவேட்தான்.

எல்லாப் பொருளையும் பிணைக்க முடியுமா? 2017-இல் ஐந்து உயிரிகளின் மாடல்களில் செய்த கணக்கு, ஏறக்குறைய எல்லா வளர்சிதைப் பொருளுக்கும் முடியும் என்று காட்டியது. கணக்களவில் மட்டும். மிகச் சிறிய பாய்வில் உருவாகும் லைகோபீன் போன்றவற்றுக்கு வேறு அணுகுமுறையும் எடுபட்டிருக்கிறது: 2005-இல் ஒவ்வொரு நீக்கமாக மோமாவால் மதிப்பிட்டு, நல்லதை வைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடிப் படிப்படியாக மூன்று நீக்கம் வரை போனார்கள். இங்கே பிணைப்பு இல்லை. மூலப்பொருள் கிடைப்பது கூடியது.

ஆய்வக மேசையில்

2000-இல் டட்சென்கோ, வேனர் வெளியிட்ட முறைதான் இன்றும் பலருக்குக் கைப்பழக்கம். நீக்க வேண்டிய மரபணுவின் இரு ஓரங்களோடும் பொருந்தும் 36 முதல் 50 வரையிலான நியூக்ளியோடைடுகளை முனையில் வைத்த பிரைமர்களால் (சிறு டிஎன்ஏ துண்டுகள்), எதிருயிரித் தடுப்பு மரபணு ஒன்றைப் பிசிஆரில் பெருக்கி, டிஎன்ஏ துண்டைச் செல்லின் மரபணுத்தொகுதியில் பொருத்தும் லாம்ப்டா ரெட் புரதங்கள் உள்ள செல்லுக்குள் செலுத்த வேண்டும். அந்தப் புரதங்களைத் தரும் பிளாஸ்மிட் (தனி வளைய டிஎன்ஏ) வெப்பம் தாங்காது. 30 டிகிரியில் வளர்த்து அரபினோஸ் கொடுத்துத் தூண்ட வேண்டும், 37 டிகிரிக்கு ஏற்றினால் தொலைந்துவிடும். பிறகு எஃப்எல்பி நொதியால் தடுப்பு மரபணுவை வெட்டியெடுத்தால் ஒரு சிறு தழும்பு மிஞ்சும்.

தழும்புகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதுதான் சிக்கல். மூன்று நான்கு நீக்கத்துக்குப் பின் எஃப்எல்பி இரண்டு தழும்புகளுக்கு இடையிலான பெரும் துண்டையே வெட்டிப் போடக்கூடும். அதிக நீக்கம் என்றால் தழும்பு விடாத முறைக்கு மாறிவிடுவது நல்லது. ஒரே தொடராகப் படியெடுக்கப்படும் மரபணுக் கூட்டமான ஓபரானின் நடுவில் உள்ள மரபணுவை நீக்கும்போது அடுத்து வரும் மரபணுக்களின் வெளிப்பாடு குலையாமல் மூன்றெழுத்து வாசிப்புச் சட்டகம் சரியாக அமைய வேண்டும்; குலைந்தால் நீங்கள் ஒன்றை நீக்கியதாக நினைப்பீர்கள், செல் மூன்றை இழந்திருக்கும்.

எல்லா நீக்கங்களையும் காற்றோட்டத்தோடும் சத்தான ஊடகத்திலும் செய்யுங்கள். பிணைப்பு முழுமையாகும் கடைசி நீக்கத்தில்தான் செல் காற்றில்லாமல் திணற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அழுத்தம் கொடுத்தால் எங்கோ ஒரு திரிபு எழுந்து உங்களுக்குத் தெரியாமலே வடிவத்தை மாற்றிவிடும். ஒவ்வொரு படியிலும் பிசிஆரால் இரு ஓரங்களையும் சரிபார்த்து, கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் ஒரு குப்பி எடுத்து வையுங்கள். நான்காவது நீக்கத்தில் வளர்ச்சி நின்றுபோனால் மூன்றாவது குப்பியிலிருந்து திரும்பத் தொடங்க அதுதான் கைகொடுக்கும்.